ஆறுதலா ஓடுங்கோ

முதல் 5 கிலோமீற்றர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிற எல்லோருக்கும் நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ஆறுதலா ஓடுங்கோ. வெள்ளவத்தையில் அப்படிச் சொல்வோம். கொட்டாஞ்சேனையில் 'மெதுவா ஓடுங்க' என்போம். எப்படிச் சொன்னாலும் கேட்பவர் சிரிக்கிறார். "ஆறுதலா ஓடுறதெண்டா நடந்தே போகலாமே" என்று பகிடி விடுகிறார். அந்தப் பகிடியோடுதான் எங்களுக்குச் சண்டை.

கொழும்பில் ஒரு ஓட்டப் போட்டி அறிவிக்கப்பட்டதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வட்ஸ்அப் குழுவில் யாரோ இணைப்பைப் போடுவார். "மச்சான், அஞ்சு கிலோமீற்றர்தானே, சும்மா ஓடலாம்" என்று பத்துப் பேர் பதிவார்கள். இடைப்பட்ட வாரங்களில் விரிவுரை, ரியூசன் வகுப்பு, அசைன்மென்ட். ஓடுவதற்கு ஒருவரும் வெளிக்கிட மாட்டார்கள். பந்தய நாள் விடியற்காலை புது ரீசேர்ட் போட்டு, படம் எடுத்து, விசில் ஊதியதும் நாய் துரத்தினது போல ஒரு பாய்ச்சல். ஒரு கிலோமீற்றர் வருவதற்குள் வீதியோரத்தில் இடுப்பில் கை வைத்துக் குனிந்து நிற்பார்கள். மிச்சத்தை நடப்பார்கள், இல்லையென்றால் ஓட்டோ பிடிப்பார்கள். அன்றிரவு ஒரு தீர்ப்பு எழுதப்படும்: "எனக்கு ஓட்டம் சரிவராது."

அந்தத் தீர்ப்புத்தான் எங்களுக்குக் கவலை. ஒரு பதக்கம் போனால் போகட்டும். இருபத்தொரு வயதில் தன் உடம்பைப் பற்றி ஒருவர் எடுக்கும் பிழையான முடிவு நாற்பது வயது வரை கூடவே வரும். அவருக்கு ஓட்டம் சரிவராமல் போகவில்லை. அவர் ஓடிய வேகம்தான் சரிவரவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஏன் சொல்லித்தரவில்லை? எங்களுக்கு ஓட்டத்தை அறிமுகப்படுத்தியது இல்ல விளையாட்டுப் போட்டி. ஜனவரி, பெப்ரவரி வந்தால் இல்லங்களுக்கு நிறம் பூசுவார்கள், கூடாரம் அலங்கரிப்பார்கள், பான்ட் வாத்தியம் பழகுவார்கள். தெரிவுப் போட்டியில் 100 மீற்றரில் முதல் மூன்று பேருக்குள் வந்தவர் 'ஓடக்கூடிய பிள்ளை'. மற்றவர்கள் கூடாரத்துக்குள் இருந்து கை தட்டும் பிள்ளைகள். ஆறாம் ஆண்டில் அந்தப் பிரிப்பு நடந்தால் உயர்தரம் முடியும்வரை மாறாது. ஆண் பிள்ளைகளுக்கு வருடத்தில் ஒரு நாள் 'மரதன்' என்று வீதியில் ஓட விடுவார்கள். அதற்கு ஒரு வாரப் பயிற்சி கூட இராது. எங்களில் பலர் படித்த பாடசாலைகளில் பெண் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

இதில் பழகிய கால்கள் ஒரு வேகத்தைத்தான் அறியும்: முழு வேகம். 100 மீற்றருக்கு அது சரி, பதினைந்து, இருபது விநாடியில் வேலை முடிந்துவிடும். 5 கிலோமீற்றர் என்பது ஐம்பது நூறு மீற்றர். முதல்முறை ஓடுகிறவர் அரை மணித்தியாலத்துக்கு மேல் வீதியில் இருக்கப்போகிறார். மூச்சால் எடுக்கக்கூடிய ஒட்சிசனை விடத் தசைகள் கூடுதலாகக் கேட்கும் வேகத்தில் இரண்டு, மூன்று நிமிடங்கள்தான் தாக்குப்பிடிக்கலாம். அதற்கு மேல் உடம்பு தானே பிரேக் போடும். மன உறுதி குறைந்ததால் வந்த பிரேக் இல்லை அது. எந்த மோட்டிவேஷன் ரீல்ஸும் அதை எடுத்துவிடாது.

கணக்காகவே பார்ப்போம். 5 கிலோமீற்றரை 40 நிமிடத்தில் முடிக்கக்கூடிய ஒருவர் இருக்கிறார். கிலோமீற்றருக்கு 8 நிமிடம். அவர் ஆர்வத்தில் முதல் கிலோமீற்றரை 6 நிமிடத்தில் ஓடிவிடுகிறார். 2 நிமிடம் இலாபம். ஆனால் மூச்சு முட்டி, மிச்சம் நான்கு கிலோமீற்றரையும் கிலோமீற்றருக்குப் பத்தரை நிமிடப்படி இழுத்துக்கொண்டு நடக்கிறார். மொத்தம் 48 நிமிடம். 2 நிமிடத்தை முற்பணமாக எடுத்தவர் 8 நிமிடம் பிந்தி வருகிறார். வெள்ளவத்தை அடகுக் கடைக்காரர் கூட இப்படி வட்டி எடுக்க மாட்டார்.

உலகத்தில் மிக வேகமாக ஓடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? உகண்டாவின் ஜோசுவா செப்டெகெய் 2020 ஆகஸ்டில் மொனாக்கோவில் 5000 மீற்றரை 12 நிமிடம் 35.36 விநாடியில் ஓடி உலக சாதனை வைத்தார். மைதானத்தைப் பன்னிரண்டரைச் சுற்று. சராசரியாக ஒரு சுற்றுக்கு 60 விநாடிக்குச் சற்றுக் கூட. தொடக்கத்தில் பாய்வதும் நடுவில் தொய்வதும் இல்லாமல் ஏறக்குறைய ஒரே சீராக ஓடித்தான் அந்த நேரம் வந்தது. சாதனை வைக்கிறவருக்கே தன் வேகத்தைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எங்களுக்கு மட்டும் வேண்டாமா?

ஆகவே பங்கீடு இதுதான். முதல் கிலோமீற்றர் உங்களுக்கே வெட்கமாக இருக்கும் அளவுக்கு மெதுவாக இருக்க வேண்டும். எல்லோரும் முந்துவார்கள், முந்தட்டும். நடு மூன்று கிலோமீற்றரும் ஒரே சீர். கடைசிக் கிலோமீற்றரில் மிச்சம் இருப்பதை எடுத்து விடுங்கள். ஸ்மார்ட் மணிக்கூடு தேவையில்லை. பக்கத்தில் ஓடுகிறவரிடம் "இண்டைக்கு வீட்டில என்ன சமையல்?" என்று மூச்சு வாங்காமல் ஒரு முழு வசனம் கேட்க முடிந்தால் வேகம் சரி. "என்ன..." என்றதோடு நின்றுவிட்டால் குறைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு நிமிடம் நடப்பது தோல்வி இல்லை. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் கலோவே, ஓட்டத்துக்கு நடுவே திட்டமிட்டு நடப்பதைப் புதியவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கற்பித்தவர். களைத்து விழுந்த பிறகு நடப்பது வேறு, களைக்காமல் இருக்க நடப்பது வேறு.

தயாரிப்பும் இப்படித்தான். 1996 இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர், ஓடிப் பழக்கமே இல்லாத தன் அம்மா போன்றவர்களை மனதில் வைத்து ஒன்பது வாரத் திட்டம் ஒன்றை எழுதினார். 'கௌச் ரு 5கே' என்று இன்று எல்லோருடைய போனிலும் இருக்கிறது. அதன் முதல் நாள் என்ன தெரியுமா? ஐந்து நிமிடம் நடை. பிறகு 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை, இப்படி 20 நிமிடம். அவ்வளவுதான். வாரத்துக்கு மூன்று நாள், இடையில் ஓய்வு. வாரம் போகப் போக ஓட்டம் கூடி நடை குறைந்து, ஒன்பதாம் வாரத்தில் 30 நிமிடம் நிற்காமல் ஓடலாம். கால் பழகுவது ஓடும் நாளில் மட்டும் இல்லை, ஓய்வு நாளிலும்தான். "வாரத்தில ஏழு நாளும் ஓடுறன்" என்று தொடங்குகிறவர் இரண்டாம் வாரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருப்பார்.

கொழும்புக்கு என்று சில விஷயங்கள் இருக்கின்றன. இங்கே வெயிலை விடக் காற்றில் இருக்கிற ஈரம்தான் எதிரி. வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். ஈரக் காற்றில் அது போகாது, வடிந்துகொண்டே இருக்கும். அதனால் யூரியூபில் ஒரு குளிர்நாட்டுக்காரர் சொல்லும் வேகத்தை இங்கே அப்படியே பிரதி பண்ண வேண்டாம். விடிய ஆறு மணியளவில் ஓடி, ஏழு மணிக்கு முன் முடித்துவிடுங்கள். முதல் நாள் இரவு கொத்து ரொட்டி வேண்டாம், வழமையாகச் சாப்பிடுகிற சோறோ இடியப்பமோ போதும். காலையில் ஒரு வாழைப்பழம், ஒரு பிளேன்ரீ. புதுச் சப்பாத்தைப் பந்தயத்தன்று முதல்முறை போடாதீர்கள், ரீசேர்ட்டும் அப்படித்தான். காய்ச்சல் வந்தால் ஓட வேண்டாம். டெங்கு நகரத்தில் இருக்கிறோம், 'வியர்த்தா சரியாயிரும்' என்ற கதையை நம்பாதீர்கள். நெஞ்சு நோவு, தலைச்சுற்று வந்தால் உடனே நின்று உதவி கேளுங்கள். தொடக்கக் கோட்டில் கடைசி வரிசையில் நில்லுங்கள். முன்வரிசையில் நின்றால் மற்றவர்களுடைய வேகம் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இவ்வளவும் எழுதிவிட்டு இங்கே நிறுத்தினால் நாங்களும் இன்னொரு ரீல்ஸ்தான். 'வாரத்துக்கு மூன்று நாள், விடிய ஆறு மணி' என்று எழுதுவது சுகம். யாருடைய ஆறு மணி? எந்த வீதி?

வெள்ளவத்தைக்காரருக்கு மரைன் டிரைவ் இருக்கிறது. ஒரு பக்கம் ரயில் பாதை, அதற்கப்பால் கடல், முகத்தில் காற்று. நடைபாதையில் வாகனம் நிறுத்தாத இடம் பார்த்து ஓட வேண்டும், ஆனாலும் ஓடலாம். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியில் ஒருவர் ஓடிப் பார்க்கட்டும். கடைச் சாமான், மோட்டார் சைக்கிள், துறைமுகத்துக்குப் போகிற கொள்கலன் லொறி. கிட்டவே சுகததாச விளையாட்டரங்கு இருக்கிறது. 2006 இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த இடம், 400 மீற்றர் ஓடுபாதை. அந்தப் பாதையின் கதவு பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு எந்த நேரத்தில், என்ன விலைக்குத் திறக்க வேண்டும் என்று எந்தத் தேர்தலிலாவது யாராவது பேசியிருக்கிறார்களா? மாநகரசபைக்கு வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் வடிகாலைப் பற்றிக் கேட்கிறோம். ஓடுவதற்கு ஒரு மணித்தியாலம் கேட்டதில்லை.

பிறகு வீடு. "விடியக்காலமை ஏன் ரோட்டில ஓடுற, ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்று கேட்கும் பெற்றோரைப் பழமைவாதிகள் என்று தள்ளிவிடுவது லேசு. ஆனால் இந்த இரண்டு ஊரிலும் 'ஓடினது' என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது எங்கள் பாட்டிமார் ஓடினார்கள். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் முந்நூறு பேருக்கு மேல் பொலிஸாரால் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக் கிழக்குக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. நாங்கள் அப்போது நேர்சரிப் பிள்ளைகள். சோதனைச் சாவடியும் பொலிஸ் பதிவும் இருந்த காலத்தில் விடியற்புறம் தெருவில் ஓடுகிற தமிழ்ப் பொடியனை யார் உடற்பயிற்சி செய்கிறான் என்று நினைத்திருப்பார்கள்? அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. அதை மதிக்கிறோம். மதித்துக்கொண்டே சொல்கிறோம்: அம்மா, அப்பா, நீங்கள் ஓட வேண்டியிருந்த அதே வீதியில் யாரும் துரத்தாமல், எங்களுக்குப் பிடித்த வேகத்தில் ஓடிப் பார்க்க ஆசைப்படுகிறோம். அதற்காகவே ஆறுதலா ஓடுகிறோம்.

பெண் பிள்ளைகளுக்கு வீட்டில் இரண்டாவது கேள்வியும் வரும், தெருவில் மூன்றாவதும் வரும். ஓட்ட உலகமும் இதில் ஒன்றும் குறைந்ததில்லை. 1928 இல் அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடி முடித்துக் களைத்துக் கிடந்ததைப் பத்திரிகைகள் பெரிதாக்கின. அந்தப் போட்டி 1960 வரை திரும்ப வரவில்லை. ஓடி முடித்த ஆண்களும் நிலத்தில் விழுந்துதான் கிடந்தார்கள், அவர்களுடைய போட்டியை யாரும் எடுக்கவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருக்கிற 5000 மீற்றர் ஆண்களுக்கு 1912 இல் ஒலிம்பிக்கில் வந்தது. பெண்களுக்கு 1996 இல் வந்தது. 84 வருடம். காலிமுகத்திடலில் ஆளுநர் ஹென்றி வோர்ட் 1859 இல் முடித்த நடைபாதையின் கல்லில், கொழும்பின் பெண்களினதும் குழந்தைகளினதும் நலனுக்காக அதைப் பின்வருவோர் பேண வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அந்தக் காலத்தில் 'பெண்கள்' என்று அவர் யாரை நினைத்தார் என்பது எங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கல் கல்தான். அந்த வசனத்தை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். நீளம் ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர். ஐந்து தரம் போய் வந்தால் உங்கள் பந்தயத் தூரம் முடிந்தது.

முள்ளியவளையின் அகிலத்திருநாயகி, எழுபது வயது தாண்டியவர், 2023 இல் பிலிப்பைன்ஸில் நடந்த முதியோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் எடுத்தபோது எங்கள் வீடுகளில் எல்லோரும் அவருடைய படத்தைப் பகிர்ந்தார்கள். 'தமிழருக்குப் பெருமை' என்று எழுதினார்கள். அதே கையால் மகளுக்கு "இருட்டுக்க வெளிக்கிடாத" என்று மெசேஜ் போட்டார்கள். பெருமை வேண்டும் என்றால் விடியற்காலையில் அவளோடு கூட ஒருவர் வெளிக்கிட வேண்டும். அப்பா நடக்கட்டும், தம்பி சைக்கிளில் வரட்டும். இல்லையென்றால் நான்கு பேராகச் சேர்ந்து ஓடுங்கள். நான்கு பெண்கள் சேர்ந்து ஓடினால் தெருவின் வாய் கொஞ்சம் மூடும்.

இன்னும் இரண்டு பொய்கள் இருக்கின்றன. முதலாவது, சாமான் வாங்கினால்தான் ஓடலாம் என்பது. 2022 இல் ரூபா விழுந்து, மார்ச்சில் 200 அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360 ஆனது. அதற்குப் பிறகு வெளிநாட்டுச் சப்பாத்தின் விலையைப் பார்த்தவர் ஓடாமலே மூச்சு வாங்குவார். 40 நிமிடத்தில் ஓடுகிறவருக்குக் காபன் தகடு வைத்த சப்பாத்து ஒன்றும் செய்யாது. காலை நெருக்காத, குதிக்கால் தேயாத, அடி வழுக்காத ஒரு சோடி போதும். இரண்டாவது பொய் அதற்கு நேரெதிர்: வெறுங்காலோடு ஓடித் தங்கம் எடுத்த ஏழைப் பிள்ளையின் கதை. 1960 இல் ரோமில் அபேபே பிகிலா வெறுங்காலோடு மரதன் வென்றார், உண்மை. அதை வைத்துக்கொண்டு தோட்டப் பாடசாலைப் பிள்ளையின் வெறுங்காலைப் பத்திரிகையில் போட்டு நெகிழ்வது வெட்கக்கேடு. அந்தப் பிள்ளைக்குத் தேவை கைதட்டு இல்லை, சப்பாத்து.

பந்தயம் நடத்துகிறவர்களிடமும் கேட்கிறோம். 2004 இல் லண்டன் புஷி பூங்காவில் பதின்மூன்று பேரோடு தொடங்கிய 'பார்க்ரன்' இன்று பல நாடுகளில் சனிக்கிழமை தோறும் நடக்கிற இலவச 5 கிலோமீற்றர் ஓட்டம். அங்கே ஒரு தொண்டர் எப்போதும் கடைசியாகத்தான் வருவார். அவருடைய வேலையே அது. அதனால் ஓட வந்த ஒருவரும் 'கடைசி ஆள்' ஆவதில்லை. இதற்குப் பணமும் வேண்டாம், அனுசரணையாளரும் வேண்டாம். கொழும்புப் பந்தயங்களில் இதைச் செய்ய என்ன தடை? கடைசி ஆள் வரும்போது மேடையைக் கழற்றிக்கொண்டும் தண்ணீர் மேசையை மடித்துக்கொண்டும் இருக்காதீர்கள். பதிவுப் படிவத்தையும் ஒலிபெருக்கி அறிவித்தலையும் தமிழிலும் கொடுங்கள். 'மெதுவாகத் தொடங்குங்கள்' என்று தொடக்கக் கோட்டில் மூன்று மொழியிலும் ஒரு பதாகை கட்டுங்கள். அனுசரணையாளரின் பெயரை விட அது கூடப் பிரயோசனப்படும்.

"மெதுவா ஓடுறதெண்டா பிறகு ஏன் பந்தயம்? தனிய ஓடலாமே" என்று கேட்பவர் நியாயமாகத்தான் கேட்கிறார். பந்தயம் என்றால் ஒரு திகதி. திகதி இல்லாவிட்டால் ஒன்பது வாரம் நகராது. அதோடு, வாகனத்துக்கு என்று எழுதி வைத்த வீதியை மறித்து ஒரு காலைப் பொழுதைக் கால்களுக்குக் கொடுப்பது பந்தய நாளில் மட்டும்தான். அந்த வீதியில் முதலாவதாக வருகிறவருக்கு எவ்வளவு உரிமையோ, ஐம்பதாவது நிமிடத்தில் வருகிறவருக்கும் அவ்வளவு உரிமை.

அடுத்த பந்தயத்துக்கு ஒன்பது வாரம் இருக்கும்போதே தொடங்குங்கள். குழுவில் ஒரே ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: எங்களில் ஆக மெதுவான ஆளின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். விசில் ஊதும். எல்லோரும் பாய்வார்கள். நீங்கள் பாயாதீர்கள். மூன்றாவது கிலோமீற்றரில் இடுப்பில் கை வைத்துக் குனிந்து நிற்பவர்களைக் காண்பீர்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். "ஆறுதலா வாங்கோ, சேர்ந்து போவம்" என்று சொல்லுங்கள்.